மணிரத்னத்தின் 1985: பகல் நிலவு, இதய கோவில்

செக்காலைவாசி:
கோட்டையூரில் மாமாவின் சாந்திச் சடங்குக்குப் போன இடத்தில், சாப்பாடு முடிந்து வளவில் ஜமக்காளம் விரித்துப் பழைய படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மணிரத்னம் என்றால் எல்லாரும் மௌன ராகத்திலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன் 4 படம் எடுத்திருக்கிறாரே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை? பேச ஒன்றுமில்லை என்பதுதான் என் கருத்து. இதய கோவிலில் இளையராஜாவின் பாட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அந்தக் காலத்தில் நடிகர் மோகன் மைக் பிடித்துப் பாடிய படங்களோடு சேர்த்துப் போட்டால், இயக்கியவர் யாரென்று கண்டுபிடிக்கவே முடியாது.

ரஸ்தாக்காரன்:
தம்பி, இதய கோவிலுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அது அவருக்கே பிடிக்காத படம். ஆனால் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு கல்யாண வீட்டில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து பகல் நிலவு போட்டார்கள், மைனா மைனா பாட்டு வந்ததும் கேசட்டைப் பின்னால் ஓட்டி இரண்டு தடவை பார்த்தோம். அப்போது பாட்டுதான் தெரிந்தது. போன மாதம் திரும்பப் பார்த்தேன். ஊரே கும்பிடுகிற, சட்டத்துக்கு வெளியே நிற்கிற பெரியவராக சத்யராஜ், அவரே கதியென்று கிடக்கும் முரளி, எதிரே போலீஸாக சரத்பாபு. 1987ல் நாயகன், 1991ல் தளபதி, இரண்டுக்கும் வேண்டிய ஆட்கள் இங்கேயே வந்துவிட்டார்கள்.

செக்காலைவாசி:
ஆட்கள் வந்தால் போதுமா அண்ணே? நாயகன் வராமல் போயிருந்தால் பகல் நிலவை யார் தேடிப் பார்ப்பார்கள்? நீங்கள் சொல்வதெல்லாம் பின்னால் வந்ததை வைத்து முன்னால் இருந்ததற்கு மார்க் போடுவது. கதை நகரும்போதெல்லாம் பாட்டோ சண்டையோ வந்து மறிக்கிறது, அது அவர் படமாகவே இல்லை.

பள்ளத்தூர்ப் பெண்:
இரண்டு பேரும் 1983ஐ விட்டுவிட்டீர்கள். முதல் படம் கன்னடத்தில் எடுத்த பல்லவி அனுபல்லவி. யாரிடமும் உதவி இயக்குநராக இருக்காதவர், பாலு மகேந்திரா ஒளிப்பதிவு, அனில் கபூர், லட்சுமி. கணவனைப் பிரிந்து குழந்தையோடு வாழும் பெண்ணுக்கும் அவளைவிட இளைய ஒருவனுக்கும் இடையே உள்ள நெருக்கத்தை, யாரையும் வில்லனாக்காமல் சொல்கிறார். அழுது அரற்றும் வசனம் தேவைப்படவில்லை. பரிசு என்ன வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் விவாகரத்து கேட்கிற மௌன ராகத்துத் திவ்யா இந்தப் பெண்ணுக்கு நெருங்கிய உறவு. ஆகவே அவர் படிப்படியாக ஏறி வரவில்லை, முதலிலேயே நன்றாக எடுத்தார், பிறகு மற்றவர்கள் கேட்ட மாதிரி எடுக்கப் போய்ச் சறுக்கினார், அப்புறம் தன் கதைக்கே திரும்பினார். பகல் நிலவில்கூட என்னைக் கேட்டால் ரேவதி வரும் இடங்கள்தான் அவருடையவை.

செக்காலைவாசி:
சரி, கன்னடப் படத்தை நான் பார்க்கவில்லை, பார்த்துவிட்டு வருகிறேன். இதய கோவில் விஷயத்தில் மட்டும் மாறமாட்டேன்.

ரஸ்தாக்காரன்:
மாற வேண்டாம் தம்பி. 'நான் பாடும் மௌன ராகம்' அந்தப் படத்துப் பாட்டுதான், அதை மட்டும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.