அவுட்லுக் நாட்காட்டியில் பூரணை விடுமுறைகள் இடம் மாறி விழுகின்றன

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். கொழும்பில் ஒரு சிறிய கணக்காய்வு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். இலங்கையில் மாதந்தோறும் விடுமுறையாகும் பூரணை (பௌர்ணமி) ஆண்டுதோறும் ஒரே திகதியில் வராததால், அதனை மீள வரும் நிகழ்வாகப் பதிய முடிவதில்லை. ஆகவே 2025ஆம் ஆண்டின் 12 பூரணைகளையும் ஒரே தடவையில் சேர்ப்பதற்கு, ஆல்ட்டும் எஃப்11உம் அழுத்தித் திறக்கும் விபிஏ (அவுட்லுக்கினுள் நிரல் எழுதும் மொழி) சாளரத்தில் ஒரு சிறிய மக்ரோ (தானியங்கு நிரல்) எழுதினேன். "12/05/2025" என மேற்கோள் குறிக்குள் இட்ட எழுத்தை சிடேட் கட்டளையால் திகதியாக மாற்றி, கிரியேட்ஐட்டம் கட்டளை மூலம் ஒவ்வொரு பதிவையும் உருவாக்குகிறேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆயினும் மே 12இல் வரவேண்டிய வெசாக் பூரணை டிசம்பர் 5இல் நிற்கிறது, துருத்துப் பூரணையோ ஜனவரி 13இல் சரியாக இருக்கிறது. சிலவற்றை மட்டும் ஏன் பிழையாக வாசிக்கிறது?

பழைய நிரலர்:
உங்கள் விண்டோஸின் பிராந்திய அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கிறது. சிடேட் அந்த அமைப்பைப் பின்பற்றி மாதத்தை முதலில் வாசிக்கும். 13ஆவது மாதம் இல்லாததால் 13/01ஐ மட்டும் சத்தமில்லாமல் திருப்பி வாசித்துக்கொள்கிறது. மார்ச் 13இல் வரும் மெதினும் அவ்வாறே தப்பியிருக்கும். நிகினி 08/08 என்பதால் எப்படி வாசித்தாலும் ஒன்றுதான்.

உண்மையில் அஞ்ச வேண்டியவை வேறு. ஜூன் 10இற்குரிய பொசொன் ஒக்டோபர் 6இல் விழும். அந்நாளோ வப் பூரணை, அந்த வப் ஜூன் 10இற்கு வந்திருக்கும். ஏப்ரல் 12இன் பக் பூரணையும் டிசம்பர் 4இன் உந்துவப் பூரணையும் அதேபோல இடம் மாறியிருக்கும். திகதியை மட்டும் ஒப்பிட்டால் இந்த நான்கும் சரியென்றே தோன்றும், பெயரையும் பாருங்கள்.

சிடேட்டுக்குப் பதிலாக டேட்சீரியல்(2025, 5, 12) என எழுதுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற அந்த ஒழுங்கு எந்தக் கணினியிலும் மாறாது.

கொட்டாஞ்சேனை:
திருத்திய மக்ரோவை ஓட்டுவதற்கு முன் பழைய பதிவுகளை அழித்துவிடுங்கள், இல்லையேல் 24 பதிவுகள் நிற்கும். அழிக்கும் சுற்றைக் கடைசிப் பதிவிலிருந்து முதலாவதை நோக்கி ஓட்ட வேண்டும். முன்னிருந்து அழித்தால் மீதமுள்ளவை ஓரிடம் முன்னே நகர்ந்து, ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும். இனிமேல் கேட்டகரிஸ் (வகை) பண்பில் ஒரு பொதுப் பெயர் இட்டால் அடுத்த முறை தேடுவது இலகு. ஆல்டேஇவென்ட்டை (முழுநாள் நிகழ்வு) ட்ரூ எனவும் ரிமைன்டர்செட்டை (நினைவூட்டல்) ஃபால்ஸ் எனவும் வைக்கத் தவறாதீர்கள். விடுமுறைக்கு எவருக்கும் நினைவூட்டல் தேவைப்படுவதில்லை!

வெள்ளவத்தைவாசி:
இருவருக்கும் நன்றி. பக்கும் உந்துவப்பும் மாறியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. இப்போது பன்னிரண்டும் உரிய இடத்தில் உள்ளன. பெயர்களைத் தமிழில் எழுதினால் விபிஏ சாளரத்தில் கேள்விக்குறிகளாகின்றன. அதற்கு வழியுண்டா?

பழைய நிரலர்:
அச்சாளரம் தமிழ் எழுத்துகளுக்கான யுனிகோட் குறிமுறையை ஏற்பதில்லை. பெயர்களை எக்செல் தாளில் எழுதி, மக்ரோ அங்கிருந்து வாசிக்கட்டும்; நாட்காட்டியில் தமிழ் அப்படியே வரும். புதிய அவுட்லுக்கிற்கு மாறிவிடாதீர்கள், அதில் விபிஏ இயங்காது.