காட்டுக்குள் மாட்டுப் பட்டி: தொடரலாமா, கூடாதா?

மாயாற்றுக்கரை:
முதுமலை, சத்தியமங்கலம் காடுகளிலிருந்து மாடுகளை அடியோடு வெளியேற்ற வேண்டும் என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. என் தாத்தா முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பக்கம் பட்டி வைத்திருந்தவர். சுற்றிலும் முள்வேலி, இரவெல்லாம் தீ. புலி ஒரு மாட்டை அடித்தால், அது காட்டுக்குரிய பங்கு என்பார். செத்த மாட்டைத் தொலைவில் இழுத்துப் போட்டால் பொழுது சாய்வதற்குள் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், எலும்பாக்கிவிடும். மாடுகளே இல்லையென்றால் அந்தப் பறவைகளுக்கு யார் இரை போடுவது?

பாறுநோக்கி:
ஐயா, உங்கள் தாத்தாவை மதிக்கிறேன். ஆனால் அந்த இரையே நஞ்சானதை விட்டுவிட்டீர்கள். வலிக்காக டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். 1990-களில் இந்தியா முழுவதும் பாறுகள் மடிந்தது இதனால்தான். 2006-ல் கால்நடைகளுக்குத் தடை வந்தும், மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள்.

இன்னொன்று, சாணம். மசினகுடியிலிருந்து லாரி லாரியாகக் கேரளத் தோட்டங்களுக்குப் போனதே! காட்டில் மேய்ந்த புல்லின் சத்து காட்டு மண்ணுக்குத் திரும்பவில்லை. பாலுக்கும் உழவுக்கும் வளர்த்த மாடு வேறு, சாணத்துக்காகப் பெருக்கிய மந்தை வேறு. 1968-ல் மாடுகளிடமிருந்து தொற்றும் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) தாக்கி முதுமலைக் காட்டெருமைகள் கொத்துக்கொத்தாகச் செத்ததையும் மறக்க வேண்டாம்.

மாயாற்றுக்கரை:
அந்த வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று 2011-ல் அறிவித்தார்கள். எப்படி ஒழிந்தது? ஊர் ஊராக மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுத்தான். ஊசி போட மாட்டைப் பிடித்துக் கொடுத்தவர்கள் எங்களைப் போன்றவர்கள். டைக்ளோஃபெனாக்கை நாங்களா கண்டுபிடித்தோம்? மருந்துக் கடையில் கொடுத்ததை வாங்கினோம். பழியை மட்டும் பட்டிக்காரன் தலையில் கட்டுவது நியாயமா?

கால்நடை மருத்துவர்:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். மெலாக்சிகாம் என்ற வலி மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்யாது. நான் மாடுகளுக்கு அதைத்தான் எழுதிக் கொடுக்கிறேன். பாறுகளைக் கொல்லும் வேறு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் கால்நடைகளுக்குப் போட 2023-ல் தடை வந்துவிட்டது. எனக்கு இப்போது பெரிய கவலை உண்ணிச்செடி, லண்டானா என்கிறார்களே அந்த அயல்நாட்டுப் புதர். புல் முளைத்த இடமெல்லாம் அது மூடிக்கொண்டது. மாடும் தின்னாது, மானும் தின்னாது. மிஞ்சிய புல்திட்டில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. புலி அடித்த மாட்டின் மேல் யாராவது ஆத்திரத்தில் பூச்சிமருந்து ஊற்றினால் புலியோடு பாறும் போகும். இழப்பீடு உடனே கைக்கு வர வேண்டும் என்று நான் மன்றாடுவது அதனால்தான்.

பாறுநோக்கி:
புல் குறைந்துவிட்டதென்றால் மாடும் குறைய வேண்டாமா? தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றில் மேய்ச்சல் கூடாது என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மாயாற்றுக்கரை:
2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையைத் தருகிறதே, அதை எங்கே வைப்பது? எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள், ஒத்துக்கொள்கிறேன். வரம்பைத் தீர்மானிக்கும் இடத்தில் பட்டிக்காரரும் உட்கார வேண்டும்.

பாறுநோக்கி:
சமவெளிக்காரர்கள் கூலி கொடுத்து உங்கள் பட்டிகளில் விடும் மாடுகள்? அவற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

மாயாற்றுக்கரை:
எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. அந்த மாடுகள் கீழே இறங்கத்தான் வேண்டும். இதை எழுதியதற்காக என் சித்தப்பா நாளை என்னோடு பேசமாட்டார். இருந்தாலும் எழுதிவிட்டேன்.