பாகல் விதை முளைக்கலன்னு போட்டிருந்தேனே, அதோட அப்டேட்

போன மாசம் 20 பாகல் விதை போட்டு 6 தான் முளைச்சுதுன்னு இங்க எழுதியிருந்தேனுங்க, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைல இருந்து. விதையோட மேல் ஓட்டை லேசா உடைச்சுட்டு ஊற வைன்னு ஒரு அக்கா சொல்லிருந்தாங்க, அவங்களுக்கு மொதல்ல பெரிய நன்றி.

அதே பாக்கெட் விதைதான், இந்த தடவை நகவெட்டியால கூர் முனைல ஓட்டை மட்டும் கொஞ்சமா நறுக்கிட்டு (உள்ள இருக்கற பருப்புல பட்டுட்டா அழுகிரும், ரொம்ப கவனம் வேணும்) ராத்திரி வெதுவெதுப்பான தண்ணில ஊறப்போட்டு காலைல எடுத்துட்டேன். முன்னாடி நான் ரெண்டு நாள் தண்ணிலயே விட்டுட்டேங்க, விதைக்கும் மூச்சு விட காத்து வேணுமில்ல, அதான் பாதி அழுகிப்போச்சுன்னு இப்ப புரியுது. ஈரத்துணில சுத்தி டப்பால போட்டு அடுப்பு மேடை மேல வெச்சேன், ஏன்னா பாகலுக்கு 25லிருந்து 30 டிகிரி சூடு இருந்தாதான் நல்லா முளைக்கும், இங்க பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ராத்திரில சில்லுன்னு வீசுது.

நாலாம் நாள் பாத்தா 17 விதைல வெள்ளையா வேர் நீட்டிருச்சு! எனக்கு அவ்ளோ சந்தோசம்.

வேர் ஒடியாம குழித்தட்டுல (நாத்து விடற தட்டு) வெச்சாச்சு. கூடவே போட்ட வெண்டைக்கு ஓடு நறுக்கல, ராத்திரி ஊறினதே போதும். நாத்து அழுகல் வராம இருக்க அந்த வெண்டை விதைல சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கற நல்ல பாக்டீரியா) கிலோ விதைக்கு 10 கிராம் கணக்குல கலந்து நிழல்ல உலத்திட்டு போட்டேன், வெயில்ல காய வெச்சிராதீங்க, அந்த பாக்டீரியா செத்துரும்.

அடுத்து புடலைங்க, அதுக்கும் ஓடு கெட்டி. யாராச்சும் நறுக்கி போட்டிருந்தா சொல்லுங்க.