பள்ளிக்கூடத்துக்கு வளைவு வேண்டாம், வாத்தியார் வேண்டும்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

நம்மூர் ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு, வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்களின் சங்கப் பணத்தில் என்ன செய்யலாம் என்ற பேச்சு குழுவில் சூடு பிடித்திருக்கிறது. துபாய்ப் பக்கம் இருப்பவர்கள் நுழைவு வளைவு கட்டலாம் என்கிறார்கள். சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுக்க ஆசை. டொராண்டோ அக்காவோ, "ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு அஞ்சு வகுப்பை எப்படி நடத்துவாங்க? சங்கமே சம்பளம் கொடுத்து ஒரு டீச்சரைப் போடுவோம்" என்று எழுதியிருந்தார். பிரச்சினையின் அடிவேரைத் தொட்டவர் அக்காதான். ஆனால் அந்த வழியில் அப்படியே இறங்கினால் நாளைக்குப் பள்ளிக்கே கெடுதலாக முடியலாம் என்று நினைக்கிறேன். காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். மடல் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் ஓவிய வாத்தியார். பள்ளிச் சுவரில் இருக்கும் தமிழ்நாடு வரைபடமும், சத்துணவுக் கூடத்துப் பக்கம் இருக்கும் காய்கறிப் படங்களும் அவர் கைவண்ணம். பெயிண்ட் வாங்கியது பெரும்பாலும் அவர் சொந்தக் காசில். 2012 மார்ச்சில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் மாநிலம் முழுக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்களே, அவர்களில் ஒருவர். ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அதை வைத்து வந்த வேலை இது. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம், அதாவது படி எதுவும் இல்லாத ஒரே தொகை. அது 7,000 ஆகி, 7,700 ஆகி, 2021-இல் 10,000 ஆகி, 2024 ஜனவரியில் 12,500 ஆனது. 2025 வரை ஒரு மே மாதத்துக்கும் சம்பளம் வந்ததில்லை. கோடை வந்தால் வாத்தியார் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதப் போவார், தண்ணீர்த் தொட்டிக்குச் சுண்ணாம்பு அடிப்பார். மற்ற மாதங்களில் அரை நாள் என்பது பெயருக்குத்தான். ஆள் இல்லாத வகுப்பைப் பார்த்துக்கொள்வது, எமிஸ் என்ற கல்வித் துறை இணையத்தளத்தில் விவரம் ஏற்றுவது, விழாவுக்கு மேடை அலங்காரம் என்று சாயங்காலம் வரை அங்கேயேதான் இருப்பார்.

நிரந்தரப் பணியில் புதிதாகச் சேரும், தொடக்க வகுப்பு எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியமே 20,600, பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் உண்டு. அந்த நிரந்தர ஆசிரியர்களுக்குள்ளும் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அன்றைய கணக்கில் அடிப்படை ஊதியம் 8,370, மறுநாள் ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்தவருக்கு 5,200. ஒரே வகுப்பு, ஒரே புத்தகம், 3,170 ரூபாய் வித்தியாசம். இதற்காக 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் பள்ளிக்கல்வித் துறைத் தலைமையகமான டி.பி.ஐ. வளாகத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 2023 ஜனவரியில் குழு ஒன்று போட்டார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற அந்தக் கோரிக்கை 2025 நவம்பர் வரை கோரிக்கையாகவே நின்றது.

கலிபோர்னியாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒப்பந்தம் என்றால் என்னவென்று தெரியும். பள்ளி மாவட்டமும் ஆசிரியர் சங்கமும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் ஆறு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒப்பந்தத்தில் 6 விழுக்காடு சம்பள உயர்வு வந்தது. அதோடு ஒவ்வொரு பள்ளிக்கும் முழுநேர செவிலியர் வேண்டும், வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கினார்கள். அந்த ஊர்ப் பெற்றோர்களில் நிறையப் பேர் மழையில் நனைந்தபடி ஆசிரியர்களோடு நின்றதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். வாத்தியார் கேட்டதில் தங்கள் பிள்ளைக்கும் பங்கு இருந்தது.

நம் பக்கம் அப்படி ஒரு மேசையே கிடையாது. மாவட்ட அதிகாரிக்குச் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட்டும் அதிகாரம் இல்லை. எல்லாம் சென்னையில், அதிலும் நிதித் துறையில். அதனால் பகுதிநேர ஆசிரியர்கள் போராட பஸ் பிடித்துச் சென்னைக்குப் போகிறார்கள். போலீசார் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துச் சாயங்காலம் விடுவிக்கிறார்கள். பிறகு சங்க நிர்வாகிகளை அமைச்சர் கூப்பிட்டுப் பேசுகிறார், இரண்டாயிரத்துச் சொச்சம் கூடுகிறது, பணி நிரந்தரம் மட்டும் பரிசீலனையிலேயே இருக்கிறது. இவர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்து ஒன்பது வருஷம் அப்படியே வைத்திருந்தது அதிமுக அரசு. 2021 தேர்தல் அறிக்கையில் 181-ஆவது வாக்குறுதியாக நிரந்தரம் செய்வோம் என்றது திமுக. 2025 நவம்பர் வரை ஆணை வரவில்லை. கடைசி ஆயுதமான வேலைநிறுத்தத்துக்கும் இங்கே பாதுகாப்பு இல்லை. 2003-இல் அரசு ஊழியர், ஆசிரியர் என்று ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஒரே அடியாக நீக்கினார்கள். அந்த வழக்கில்தான் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

நிரந்தரம் செய்வது முடியாத காரியம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். முன்பு தொகுப்பூதியத்தில் எடுத்த ஆசிரியர்களை 2006 ஜூன் 1 முதல் படியும் வருஷ உயர்வும் உள்ள காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே ஆணையில் முடிந்தது.

நிதி விஷயத்துக்கு வருகிறேன். ஓவிய வாத்தியாரின் சம்பளமும், பள்ளிக்கு வருஷா வருஷம் வரும் மானியமும், அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்குப் பிறகு வந்த ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் பணம். ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு. 2024-25-க்கு மொத்தம் 3,586 கோடி, அதில் ஒன்றியப் பங்கு 2,152 கோடி. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதால் அந்தப் பணம் நின்றது. மும்மொழிக் கொள்கைச் சண்டையும் அதோடு சேர்ந்துகொண்டது. 2025 மே மாதம் மாநில அரசு வட்டியோடு 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றம் போனது. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காடு சேர்க்கைகூட நிதி வராமல் தள்ளிப்போய், 2025 அக்டோபரில்தான் தொடங்கியது. இந்தக் குழுவில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறோம். ஆனால் ஒன்றை எல்லாரும் ஒப்புக்கொள்ளலாம்: ஒரு கையெழுத்துக்காக நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பணத்தைப் பிடித்து வைப்பது அநியாயம். நம் பள்ளி போல 100-க்கு மேல் 250-க்குள் பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு வருஷ மானியம் 50,000 ரூபாய். சாக்பீஸ், துடைப்பம், கழிப்பறை பினாயில், குழாய் ரிப்பேர், உடைந்த கதவு எல்லாம் அதற்குள்தான். அது தாமதமானால் தலைமையாசிரியர் தன் பையில் கை விடுகிறார்.

இனி இந்த மடலை எழுத வைத்த விஷயம். ஒரு பள்ளிக்கு எத்தனை வாத்தியார் என்பதை யாரும் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. ஆகஸ்ட் 1-ஆம் தேதி பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. 91 ஆனால் நான்கு. நம் தொடக்க வகுப்புகள் கொஞ்ச காலமாகவே அறுபதுக்குக் கீழே நிற்கின்றன. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் இருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரை உள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நான்கும் ஐந்தும் அதே அறையில் இருக்கும்போது ஒரே ஆள் அதை எப்படிச் செய்வது? அதைப் பார்க்கிற தாய் பிள்ளையை வேன் வரும் பள்ளியில் சேர்க்கிறாள். எண்ணிக்கை இன்னும் இறங்குகிறது, பணியிடம் உபரி என்று கணக்காகிப் பணி நிரவலில் வேறு ஊருக்குப் போகிறது. ஆசிரியர் இல்லாததால் பிள்ளை இல்லை, பிள்ளை இல்லாததால் ஆசிரியர் இல்லை.

சங்கம் சம்பளம் கொடுத்து ஓர் ஆளைப் போட்டால் இந்தச் சுழல் நிற்குமா? அதை மட்டும் செய்தால் நிற்காது. நாம் போடும் ஆள் எமிஸ் கணக்கில் வரமாட்டார். ஊருக்கு வாத்தியார் வந்தாயிற்று என்று பெற்றோரும் அமைதியாகிவிடுவார்கள், பணியிடம் கேட்டு மனு எழுத ஆள் இருக்காது. இரண்டு வருஷத்தில் நம் வசூல் குறைந்தால் நாம் போட்ட ஆள் நடுவழியில் நிற்பார். ஒரு சம்பவமே இருக்கிறது. 2022-இல் அரசு 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பச் சொன்னது. சம்பளம் இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. நீதிமன்றம் தடை போட்டு, ஆசிரியர் தகுதித் தேர்வு தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று வழி சொன்ன பிறகுதான் நகர்ந்தது. சம்பளத்தைப் பிறகு 12,000, 15,000, 18,000 என்று கூட்டினார்கள். ஒரு காலியிடத்தைக் குறைந்த கூலியில் ஓட்டலாம் என்ற பழக்கம் அரசுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. அதை இன்னும் மலிவாக்கிக் கொடுக்கிற வேலையை நாம் செய்யக் கூடாது.

அதற்காகச் சும்மா இருப்போம் என்று சொல்லவில்லை. 1950-களின் கடைசியில் காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார்கள். பெஞ்சு, கடிகாரம், கட்டடம், சீருடை என்று மக்கள் கொடுத்தார்கள். வாத்தியார் சம்பளம் மட்டும் அரசின் பொறுப்பாக இருந்தது. அந்தப் பங்கீடு சரியானது. நம் பணம் அரசின் பொறுப்பைத் தூக்கிச் சுமக்கப் போகக் கூடாது, அதை நிறைவேற்ற வைக்கப் போக வேண்டும்.

என் யோசனை இது. அடுத்த ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்குள் தொடக்க வகுப்புகள் 61-ஐத் தாண்ட வேண்டும், மூன்றாவது பணியிடம் வர வேண்டும், அதுதான் குறி. இப்போதெல்லாம் மார்ச் 1-ஆம் தேதியே சேர்க்கை தொடங்குகிறார்கள், அதனால் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அண்ணன் வீடு, மச்சான் வீடு என்று உட்கார்ந்து பேச வேண்டும். வேன் பள்ளிக்குக் கட்டும் பணம் மிச்சம், காலை உணவு பள்ளியிலேயே உண்டு என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டே வாத்தியார்தான் என்றால் எந்தத் தாயும் நம்ப மாட்டாள். ஆகவே ஜனவரி முதல் சங்கச் செலவில் ஓர் ஆளைப் போடுவதற்கு நானும் சம்மதம், சில நிபந்தனையோடு. தகுதித் தேர்வு தேறியவராக இருக்க வேண்டும். தலைமையாசிரியரும் வட்டாரக் கல்வி அலுவலரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சம்பளம் 12,000-க்கு ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது, மே மாதத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு 1,44,000 ஆகிறது. அரசுப் பணியிடம் வரும் வரை, அதிகபட்சம் இரண்டு கல்வியாண்டு என்று அவரிடம் முதலிலேயே சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஓவிய வாத்தியாருக்குக் கையில் பணம் கொடுப்பது அவருக்கே சிக்கல் ஆகும். அதற்குப் பதில் மே மாதம் நம் ஊர்ப் படிப்பகத்தில் கோடை ஓவிய வகுப்பு நடத்தித் தரக் கேட்போம், மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுப்போம். பிள்ளைகள் செல்போனை விட்டு எழுந்து வருவதற்கும் ஓர் இடம் ஆகும்.

இன்னொரு வேலைக்குக் காசே வேண்டாம். 2024-இல் மாற்றியமைத்த பள்ளி மேலாண்மைக் குழுவில் 24 பேர் இருக்கிறார்கள், முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. நம் குழுவில் இருப்பவர்களின் தம்பி மனைவி, அக்கா மகள் என்று அதில் நிறையப் பேர். மூன்றாவது பணியிடம், மானியம் வந்த தேதி, உடற்கல்வி ஆசிரியர் இல்லாதது எல்லாவற்றையும் அங்கே தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். அதே தீர்மானம் ஜனவரி 26 கிராம சபையிலும் வரட்டும். பகுதிநேர ஆசிரியர்களை நிரந்தரம் செய்யக் கோரியும் ஒரு தீர்மானம் போடலாம். சென்னையில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் ஊர் நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

பணம் அனுப்புவதில் ஒரு விஷயம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து ஊர் அறக்கட்டளைக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா, அமெரிக்கா, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர்கள், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வரும். நம் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இல்லை. எனவே இந்திய பாஸ்போர்ட்காரர்கள் பங்கை மட்டும் முதலில் திரட்டுவோம். மற்றவர்கள் இப்போதைக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். மாற்று வழியை ஊரில் உள்ள ஆடிட்டரிடம் கேட்டு எழுதுகிறேன்.

வளைவுக்கு என்று ஏற்கெனவே பேர் கொடுத்தவர்கள், அந்தத் தொகையை ஆசிரியர் கணக்குக்கு மாற்றச் சம்மதமா என்று டிசம்பர் 15-க்குள் இதே மடலுக்குப் பதில் போடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் இங்கேயே எழுதுங்கள், தனி மடல் வேண்டாம்.

அன்புடன்,
மேலத்தெருக்காரன், மஸ்கட்டிலிருந்து