முல்லைத்தீவில் கிடைத்த இரண்டு கிளிமீன்கள்: ஓரினமா, ஈரினமா?

வணக்கம் உறவுகளே. கடல்வாழ் உயிரினம் அறிந்தவர்களும் கடற்றொழிலுக்குப் போகும் அண்ணன்மாரும் உதவ வேண்டும்.

முல்லைத்தீவுக் கரையில் ஒரே வலையில் பட்ட இரண்டு மீன்களின் படங்களை இணைத்திருக்கிறேன். ஒன்று சாம்பல் கலந்த பழுப்பு. மற்றது பச்சையும் நீலமுமாய், வாயோரம் இளஞ்சிவப்புக் கோடுகளுடன் இருக்கிறது. இரண்டுக்கும் பற்கள் ஒட்டிக் கிளியலகு போல இருப்பதால் கிளிமீன் என்பதில் சந்தேகமில்லை. என் சிக்கல் வேறு. பல கிளிமீன் இனங்கள் மங்கிய நிறப் பெண்ணாக வளர்ந்து, பின்னர் ஆணாக மாறிப் பளிச்சென்ற நிறம் பெறும். அப்படியானால் இவை ஒரே இனத்தின் இரு பருவங்களா?

பாடசாலைக் கண்காட்சிக்காகக் கேட்கிறேன். முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) படர்ந்த பாசியைக் கிளிமீன் சுரண்டித் தின்பதையும், கூடவே வரும் கல்லைத் தொண்டைப் பற்களால் அரைத்து வெண்மணலாகக் கழிப்பதையும் சொன்னதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். (சில இனங்கள் இரவில் சளிக்கூடு கட்டி அதற்குள் தூங்குவதை இன்னும் சொல்லவில்லை.) ஆனால் பெயர் தெரியாமல் படத்தை ஒட்ட எனக்கு மனமில்லை. இணையத்தில் அகப்படுபவை பெரும்பாலும் கரீபியன் கடலின் இனங்கள். நம் கடலுக்கு அவை பொருந்தா.

இனத்தைப் பிரித்தறிய வால் விளிம்பைப் பார்ப்பதா, கன்னத்துச் செதில் வரிசைகளை எண்ணுவதா? கொக்கிளாய், நாயாறு, அளம்பில் பக்கம் இவற்றை என்ன பெயரால் அழைக்கிறீர்கள்? திருகோணமலைப் பக்கத்துப் புறாத்தீவில் நீருக்கடியில் எடுத்த படம் வைத்திருப்பவர்கள் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.