கடற்கரைக் கரவனில் 50,000 பவுண் போடலாமா?

கணக்கன்:
இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களான ஸ்கெக்னெஸ், கிளாக்டன் பக்கம் விடுமுறைப் பூங்காவில் ஸ்டாட்டிக் கரவன் (ஓரிடத்தில் நிறுத்தி வைக்கிற பெரிய கரவன்) வாங்குவதைக் கடற்கரையில் வீடு வாங்குவதாக நினைக்காதேங்கோ. நீங்கள் வாங்குவது கரவன் மட்டும். நிலம் பூங்காக்காரருடையது, உங்களுக்குக் கிடைப்பது இத்தனை வருடம் கரவனை அங்கே நிறுத்தி வைக்கலாம் என்ற அனுமதி, அதாவது பிட்ச் லைசன்ஸ். நிரந்தரமாகக் குடியிருக்கிற பார்க் ஹோம்களுக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பு இதற்கு இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு: புதிதாக 50,000 பவுண், ஐந்து வருடத்தில் 20,000க்கு விற்பனை. பூங்காவின் கமிஷன் 15% என்றால் 3,000, அதன்மேல் 20% வாட் வரி 600. கைக்கு வருவது 16,400. அந்த இடத்துக்கான பிட்ச் கட்டணம் வருடம் 6,000 படி 30,000. ஆக, போனது 63,600. காப்புறுதி, காஸ், கரண்ட் இதில் இல்லை.

அலைகடல்:
கணக்கு சரி அண்ணை, ஆனால் புதியதை எடுத்தால்தான் விலை அப்படி விழும். 8 வருடப் பழையதை 15,000க்கு எடுங்கோ, லைசன்ஸில் இன்னும் 12 வருடம் இருக்கவேணும். கடைசியில் ஒரு சதமும் திரும்பி வராவிட்டாலும் வருடத்துக்கு 1,250தான். பிட்ச் 5,000 சேர்த்தால் 6,250. வருடத்தில் 15 வாரம் போய் நின்றால் வாரம் ஏறக்குறைய 417. பள்ளி விடுமுறையில் ஆறு பேர் கொண்ட குடும்பம் இந்தக் காசுக்கு எங்கே தங்கும்?

கணக்கன்:
தம்பி, கட்டணம் 12 வருடமும் 5,000இலேயே நிற்காது. வருடம் 5% ஏறினால் கடைசி வருடம் 8,500ஐத் தாண்டும். முழுநேர வேலைக்காரருக்குச் சட்டப்படி சம்பளத்தோடு கிடைக்கிற லீவு 5.6 வாரம். 15 வாரம் எங்கிருந்து வரும்?

மழைக்காலம்:
ரெண்டு பேரும் பழைய கரவனின் குளிர்காலச் செலவைத் தொடவில்லை. பூட்டுமுன் தண்ணீரை முழுக்க வடிக்கவேணும்: ஸ்டாப்கொக்கை (தண்ணீர் வரும் பிரதான வால்வை) மூடி, எல்லாக் குழாயும் வடிகால் வால்வும் திறந்து, ஷவர் ஹோசைக் கழற்றி, பாய்லரையும் டொய்லட் தொட்டியையும் காலியாக்கி, சிங்க், டொய்லட் வளைவுகளில் உறைதடுப்புத் திரவம் ஊற்றுங்கோ. மிச்சத் தண்ணீர் உறைந்தால் விரிந்து குழாய் வெடிக்கும், உருகும்போது தரை ஊறிப்போகும். வடிக்கவில்லை என்று தெரிந்தால் காப்புறுதிக்காரர் கைவிரிக்கலாம். வாடகைக்கு விட யோசித்தால் பூங்காவின் அனுமதி வேணும், வருடா வருடம் காஸ் சேஃப் பதிவுள்ள காஸ் பொறியியலாளரின் சோதனையும் வேணும்.

அலைகடல்:
அந்த வேலை உண்மைதான், பூங்காக்காரரே காசுக்குச் செய்து தருவினம். எனக்கு அதைவிட முக்கியம், விற்கும்போது லைசன்ஸ் வாங்குபவருக்கு மாறுமா என்பது. மாறாது என்றால் கரவனைக் கழற்றி லொறியில் ஏற்றித்தான் விற்கவேணும், விலையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். அப்படி ஒப்பந்தம் என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லுவன்.

கணக்கன்:
அதில் ஒத்துப்போகிறேன். ஆனால் லைசன்ஸ் மாறும் என்றாலும், கைக்காசு இருக்கிறவர் மட்டும்தான் வாங்கவேணும். நிலம் சொந்தமில்லாததால் வழமையான வீட்டு மோர்ட்கேஜ் கிடையாது, தனிநபர் கடனோ தவணைக் கடனோதான். பத்து வருடக் கடனில் புதியதை எடுத்தால், ஐந்தாம் வருடம் கரவனின் விலையைவிடக் கடன் பாக்கி கூடவாக இருக்கும். அந்த நேரம் வேலை போனால், விற்றும் கடன் தீராது.