சொந்த ஊர்ப் பையனை விற்றால்தான் கணக்கு சரியாகுமா? கால்பந்து கிளப்புகளின் செலவு வரம்பு பற்றி ஒரு கேள்வி

அம்மாபேட்டை மேக்பை:

எல்லோருக்கும் வணக்கம். நான் சேலம் அம்மாபேட்டை, பள்ளிக்கூட நாளிலிருந்து இங்கிலாந்தின் நியூகாசில் கால்பந்து கிளப்புக்கு ரசிகன். எங்கள் பள்ளி அணிக்கும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பனியன்தான், அதில் ஒட்டிக்கொண்டது, இன்றுவரை விடவில்லை.

ரொம்ப நாளாக மனதில் இருக்கும் விஷயத்தைக் கேட்டுவிடுகிறேன். 2024 ஜூன் கடைசியில் எலியட் ஆண்டர்சனை நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு விற்றார்கள் இல்லையா? அந்த ஊர்ப் பக்கத்திலேயே பிறந்து, சின்ன வயதிலிருந்து கிளப் அகாடமியிலேயே வளர்ந்த பையன். அவன் போக வேண்டும் என்று ரசிகர்கள் நினைக்கவில்லை, பயிற்சியாளரும் நினைக்கவில்லை. ஜூன் 30-உடன் கணக்கு வருஷம் முடிகிறது, அதற்குள் பணம் காட்டாவிட்டால் தண்டனையாக லீக் புள்ளிகள் போய்விடும், அவ்வளவுதான் காரணம். சுமார் 3.5 கோடி பவுண்டு. அதே வாரத்தில் யாங்குபா மின்டேவை பிரைட்டனுக்கு விற்றார்கள், அவன் எங்களுக்காக ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

கிளப்பில் பணம் இல்லை என்றால் புரிந்துகொள்வேன். 2021 அக்டோபரில் சவூதி அரசின் முதலீட்டு நிதி வாங்கிய கிளப் இது. முதலாளியிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் 3 வருஷத்தில் மொத்தம் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீகில் 2025-26 சீசன் வரை விதி இருந்தது. மான்செஸ்டர் யுனைடெட் வருஷத்துக்கு 60 கோடி பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கிறது, அதனால் அவ்வளவு செலவழிக்கலாம். நாங்கள் அந்த அளவுக்கு வளர வேண்டுமென்றால் முதலில் செலவழித்தாக வேண்டும், செலவழிக்கத்தான் விட மாட்டேன் என்கிறார்கள்.

இது கிளப்புகளைக் காப்பாற்றும் விதியா, இல்லை முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மண்டபக் கதவைச் சாத்திக்கொள்வதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு:

தம்பி, நான் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் 14 வருஷமாக வேலை பார்க்கிறேன். உன் கேள்வியில் ஒரு பாதிக்குக் கணக்குப் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் அம்மாபேட்டைத் தறியையே எடுத்துக்கொள். 10 லட்சத்துக்கு ஒரு தறி வாங்கினால் முழு 10 லட்சத்தையும் அந்த வருஷமே செலவாக எழுதுவதில்லை, வருஷா வருஷம் தேய்மானமாகத்தான் எழுதுகிறோம். ஆட்டக்காரனும் அப்படித்தான். 6 கோடி பவுண்டுக்கு ஒருவனை வாங்கி 5 வருஷ ஒப்பந்தம் போட்டால் வருஷத்துக்கு 1.2 கோடி எழுதுவார்கள். 2 வருஷம் கழித்து அவனுடைய புத்தக மதிப்பு 3.6 கோடி. அப்போது 4 கோடிக்கு விற்றால் கையில் 4 கோடி வந்தாலும் லாபம் என்று காட்ட முடிவது வெறும் 40 லட்சம்.

இப்போது ஆண்டர்சனைப் பார். அவனை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. புத்தகத்தில் அவன் மதிப்பு சைபர். 3.5 கோடிக்கு விற்றால் 3.5 கோடியும் அப்படியே லாபம். ஜூன் மாதக் கடைசியில் அவசரமாக லாபம் காட்ட வேண்டிய கிளப் யாரை விற்கும்? வீட்டுப் பையனைத்தான். நிறைய விலை கொடுத்து வெளியே வாங்கியவனை விற்றால் ஓட்டை அடையாது. அதே ஜூனில் ஆஸ்டன் வில்லாவிடமிருந்து ஓமாரி கெல்லிமேனை செல்சி வாங்கியது, செல்சியிடமிருந்து இயன் மாட்சனை வில்லா வாங்கியது. எவர்ட்டனும் வில்லாவும் ஆளுக்கொரு இளைஞனை மாற்றிக்கொண்டார்கள். வாங்கிய பக்கம் 5 வருஷத்துக்குப் பரவும், விற்ற பக்கம் ஒரே நாளில் லாபம். இரண்டு பேர் புத்தகமும் அழகாகிவிடும். எங்கள் ஆபீசுக்கு இப்படி ஒரு பேப்பர் வந்தால் எங்கள் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆளை நேரில் வரச் சொல்வார்.

செல்சி இதற்கும் மேலே போனது. என்ஸோ ஃபெர்னாண்டஸை 10 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கி எட்டரை வருஷ ஒப்பந்தம் போட்டார்கள், வருஷச் செலவு சின்னதாகத் தெரியட்டும் என்று. அப்புறம்தான் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ முழித்துக்கொண்டு, ஒப்பந்தம் எத்தனை வருஷமானாலும் 5 வருஷத்துக்குமேல் பரப்பக் கூடாது என்றது, பிரீமியர் லீக்கும் பின்னாலேயே வந்தது. செல்சிக்காரர்கள் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தங்கள் குழும நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்று வருமானம் காட்டினார்கள். பிரீமியர் லீக் அதை அனுமதித்தது. யூஇஎஃப்ஏ கணக்கில் எடுக்க மறுத்து, 2025-இல் அபராதமும் போட்டது.

வரம்பு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வரம்பை எந்தக் கோலால் அளக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. வீட்டில் வளர்த்த பிள்ளையை விற்பதுதான் ஆக லாபம் என்று ஆக்கும் கோல் எப்படி நல்ல கோலாக இருக்கும்?

சூரமங்கலம் லீட்ஸ்காரன்:

எனக்கு 46 வயது, இந்தப் பேச்சில் பெரியவன் நான்தான் என்று நினைக்கிறேன். வரம்பே இல்லாத காலத்தைப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

2001-இல் இங்கிலாந்து கிளப் லீட்ஸ், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் அரையிறுதி ஆடியது. கேபிள் டிவியில் பார்த்த ஞாபகம் இன்னும் அப்படியே இருக்கிறது, கியூவெல், விடுகா, ரியோ ஃபெர்டினாண்ட். அந்த அணியைக் கட்டியது கடனில். அடுத்தடுத்த வருஷமும் சாம்பியன்ஸ் லீகுக்குள் போவோம், அந்த வருமானத்தில் அடைத்துவிடலாம் என்று வாங்கிய கடன். போக முடியவில்லை. ஒவ்வொருவராக விற்றார்கள், 2004-இல் இரண்டாம் டிவிஷனுக்குக் கீழே இறங்கினார்கள், 2007-இல் மூன்றாம் டிவிஷன். திரும்பி மேலே வர 2020 ஆனது. 16 வருஷம், தம்பி. அன்று பிறந்த குழந்தை பத்தாவது பரீட்சை எழுதியிருக்கும்.

போர்ட்ஸ்மவுத் கிளப் 2008-இல் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையை ஜெயித்தது. 2010-இல் திவால் நடவடிக்கை, 2013-இல் நான்காம் டிவிஷன். பரி என்ற கிளப் 1885-இல் தொடங்கியது, எஃப்ஏ கோப்பையை இரண்டு முறை வென்றது. 2019 ஆகஸ்டில் பணப் பிரச்சினையால் லீகை விட்டே வெளியேற்றப்பட்டது. ஒரு மில் மூடினால் அந்தத் தெருவில் டீக்கடை வரை என்ன ஆகும் என்று சேலத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் அங்கேயும் நடந்தது.

முதலாளியிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது என்கிறாய். இன்று கிடக்கிறது. ஆட்டக்காரர்களோடு 5 வருஷ ஒப்பந்தம் போட்டிருப்பது கிளப், முதலாளி இல்லை. நாளைக்கு அவர் மனம் மாறினால் அந்தச் சம்பளப் பட்டியலை யார் தலையில் கட்டுவது? ரசிகன் தலையில்தான். அதனால் வரம்பு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், தண்டனை விழும் விதம் சரியில்லை. 2023-24-இல் எவர்ட்டனுக்கு முதலில் 10 புள்ளி வெட்டு, மேல்முறையீட்டில் அது 6 ஆனது, அப்புறம் இன்னொரு வழக்கில் 2. ஃபாரஸ்டுக்கு 4. அதே லீகில் மான்செஸ்டர் சிட்டி மேல் 2023 பிப்ரவரியில் நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகள் வைத்தார்கள், அது வருஷக்கணக்கில் இழுத்தது. சிட்டி குற்றவாளி என்று நான் சொல்லவில்லை, அவர்கள் மறுக்கிறார்கள். ஆனால் சின்னவன் வழக்கு அதே சீசனில் முடிகிறது, பெரியவன் வழக்கு முடிய மாட்டேன் என்கிறது என்றால் பார்க்கிறவனுக்கு நம்பிக்கை எப்படி வரும்?

சின்னப்பம்பட்டி யார்க்கர்:

நான் கிரிக்கெட் ஆள், இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஐபிஎல்லில் எல்லா அணிக்கும் ஒரே தொகைதானே? 2025 ஏலத்துக்கு ஆளுக்கு 120 கோடி. மும்பை முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் 121-ஆவது கோடியைத் தொட முடியாது. எங்கள் ஊர் நடராஜனை 2017-இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது, அப்போது அவர் ரஞ்சியே அதிகம் ஆடியிருக்கவில்லை. எல்லோர் பையிலும் ஒரே பணம் என்றால் தேடித் தேடித்தான் ஆள் பிடிக்க வேண்டும், அப்போதுதான் சின்னப்பம்பட்டி மாதிரி ஊர் வரைக்கும் கண் போகும். கால்பந்தில் ஏன் இதைச் செய்ய மாட்டார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

பேரேடு:

நல்ல கேள்விதான். ஐபிஎல்லில் யாரும் கீழே இறங்குவதில்லை, டிவி பணமும் நடுவில் பங்கு பிரிகிறது, அந்த 2 மாதத்துக்குப் பணத்தில் அதற்கு ஈடாக நிற்கும் லீக் கிடையாது. இங்கிலாந்து மட்டும் ஒரே தொகை என்று வைத்தால் மறுநாளே ஆட்டக்காரன் மாட்ரிட்டுக்கு விமானம் ஏறிவிடுவான். வைத்தால் ஐரோப்பா முழுக்க வைக்க வேண்டும், அதற்கு ரியல் மாட்ரிட் கை தூக்குமா? 2023-24-இல் 100 கோடி யூரோ வருமானத்தைத் தாண்டிய கிளப் அது.

அதனால்தான் யூஇஎஃப்ஏ விகிதக் கணக்குக்குப் போனது. சம்பளம், வாங்கிய விலையின் தேய்மானம், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்த்து வருமானத்தில் 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கிளப்பை உயிரோடு வைக்க இது நல்ல மருந்து. சமமாக்காது. 100 கோடிக்கு 70 சதவீதம் 70 கோடி, 15 கோடிக்கு 70 சதவீதம் பத்தரைக் கோடி. போர்ன்மவுத் மைதானத்தில் சுமார் 11,300 பேர்தான் உட்கார முடியும், மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் 74 ஆயிரத்துக்கு மேல். டிக்கெட்டை வைத்து எந்தக் காலத்தில் எட்டிப் பிடிப்பது?

நாகலூர் ஸ்டாப்பர்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மழையில் நெட் போய்விட்டதால் நேற்று எழுதியது அனுப்பாமல் கிடந்தது, இன்று மறுபடி எழுதுகிறேன்.

பவுண்டு கணக்கெல்லாம் எனக்கு அவ்வளவு தெரியாது. எங்கள் மலையில் நடந்ததைச் சொல்கிறேன், அதே விஷயம்தான். காப்பிப் பழம் பறிப்பு முடிந்து கோடை விழாவுக்கு முன்னால் எஸ்டேட், கிராம அணிகளுக்குள் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, நடத்துவோம். செம்மண் மைதானம், ஒரு பக்க கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே சரிவு, பந்து போனால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு பையன் இறங்கி எடுத்து வர வேண்டும், மூடுபனி வந்துவிட்டால் விசில் சத்தத்தை வைத்துத்தான் ஆட்டம். பரிசு பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஜெயித்தவன் அந்த வருஷம் முழுக்கத் தலை நிமிர்ந்து நடப்பான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெரிய அணிக்காரர்கள் கோயம்புத்தூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் நான்கு பேரை இறக்கினார்கள். மேட்சுக்கு 3 ஆயிரம், லாட்ஜில் ரூம், இரவு பிரியாணி. ஃபைனலில் 6-0. அந்த அணியின் சொந்தப் பையன்கள் மூன்று பேர் ஷூவைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கயிற்றுக்கு வெளியே நின்றார்கள், ஒருவன் அழுதே விட்டான். எதிர் அணிக்காரன் தோற்றதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அடுத்த வருஷம் கமிட்டி கூடி ஒரு விதி போட்டது. வெளியாள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. எல்லோரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். விளையாட்டு ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அடிபட்டது நாங்கள். எங்கள் ஊரில் ஆடக்கூடிய பையன்களே நான்கு பேர்தான், மற்றவர்கள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். சொந்தக்காரன், கூடப் படித்தவன் என்று கீழே சேலத்திலிருந்து மூன்று நான்கு பேரைச் சும்மா கூப்பிட்டு வந்துதான் அணியே சேரும், அவர்களுக்கு நாங்கள் கொடுப்பது பஸ் காசும் சாப்பாடும்தான். பெரிய அணிக்கோ 200 பேர் வேலை செய்கிறார்கள், அதிலேயே இருபது பேர் தேறுவார்கள். அவர்களை அடக்க வந்த விதி அவர்களைத் தொடவே இல்லை. எங்களுக்கு ஆள் சேராமல் அந்த வருஷம் ஒதுங்கிக்கொண்டோம்.

மறுபடி பேசினோம், சண்டை போட்டோம், இரண்டு கூட்டம் பாதியிலேயே கலைந்தது. கடைசியில் ஆள் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பணத்தைப் பிடித்தோம். ஆட்டக்காரனுக்கு யாரும் ரொக்கம் தரக் கூடாது. வெளியூர்ப் பையனுக்குப் பஸ் காசும் மதியச் சாப்பாடும் நுழைவுக் கட்டணத்திலிருந்து கமிட்டியே கொடுக்கும், எல்லா அணிக்கும் ஒரே தொகை. சொந்த ஊர்ப் பையன் குறைந்தது மூன்று பேர் எப்போதும் உள்ளே நிற்க வேண்டும். பெரிய அணிக்காரர்கள் ஆசைப்பட்டால் மைதானத்துக்கு வலை வாங்கித் தரலாம், சின்னப் பையன்களுக்கு ஷூ வாங்கித் தரலாம், அதற்கு வரம்பே இல்லை. போன வருஷம் இரண்டு கோலுக்கும் புது வலை வந்தது. அந்த அணி இப்போதும் பெரும்பாலும் அரையிறுதி வரை வருகிறது, ஆனால் 6-0 எல்லாம் இல்லை.

மேக்பை தம்பி, வரம்பு போடுவதில் தப்பில்லை. யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போட்டால் அது இல்லாதவன் தலையில்தான் விடியும்.

சூரமங்கலம் லீட்ஸ்காரன்:

இதில் ஒன்று பிரீமியர் லீகிலும் இருக்கிறது, ஸ்டாப்பர். அகாடமி, பெண்கள் கால்பந்து, மைதானக் கட்டுமானம் இவற்றுக்குச் செலவழித்ததை அந்த நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் கோல் வலை மாதிரிதான். ஆனால் உங்கள் ‘மூன்று பேர் உள்ளே நிற்க வேண்டும்’ அங்கே இல்லை. 25 பேர் பட்டியலில் 8 பேர் உள்நாட்டில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறார்கள், அவர்கள் களத்தில் இறங்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

அம்மாபேட்டை மேக்பை:

எல்லோருக்கும் நன்றி. பேரேடு அண்ணா சொன்ன அந்தச் சைபர் கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்தேன், இத்தனை நாள் கோபப்பட்டேனே தவிர இது தெரியாமல்தான் கோபப்பட்டிருக்கிறேன். லீட்ஸ் அண்ணன் சொன்ன 16 வருஷமும் உறைக்கிறது. முதலாளி இஷ்டத்துக்குச் செலவழிக்கட்டும் என்று இனிமேல் நான் கேட்க மாட்டேன்.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. சொந்த அகாடமிப் பையனை விற்ற பணத்தை இந்த வரம்புக் கணக்கில் லாபமாகச் சேர்க்கவே கூடாது, இல்லையென்றால் அதையும் 5 வருஷத்துக்குப் பரப்பட்டும். அப்போது ஜூன் 30 ராத்திரி எவனும் அவசரப்பட மாட்டான். 2025 மார்ச்சில் லிவர்பூலை 2-1 என்று ஜெயித்து நாங்கள் லீக் கோப்பை தூக்கினோம், 1955-க்கு அப்புறம் உள்நாட்டில் முதல் பெரிய கோப்பை, நான் மொட்டை மாடியில் கத்தியதில் கீழ் வீட்டு அக்கா எழுந்து வந்துவிட்டார். சந்தோஷத்திலும் ஆண்டர்சன் அந்தப் படத்தில் இல்லையே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதே வருஷம் அவன் இங்கிலாந்து அணிக்கே ஆடிவிட்டான்.

ஸ்டாப்பர் அண்ணா, இந்த வருஷம் செவன்ஸ் எப்போது? எங்கள் தெருவில் இரண்டு பேர் நன்றாக ஆடுவார்கள், ஒருவன் இடது கால். ஆள் குறைந்தால் சொல்லுங்கள், கோரிமேட்டில் காலை முதல் பஸ் பிடித்து வந்துவிடுகிறோம். பஸ் காசு எங்களுடையது.

நாகலூர் ஸ்டாப்பர்:

தேதி முடிவாகவில்லை, ஏப்ரல் கடைசி ஞாயிறு என்று பேச்சு. இடது கால் பையனை நிச்சயம் கூட்டி வா. பஸ் காசைக் கமிட்டிதான் கொடுக்கும், அதில் மாற்றம் இல்லை.